உடம்புக்குள் போகும் பொருள்: செக்ஸ் டாய் வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

கர்ப்பப்பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால், மெனோபாஸ் வயது வரட்டும் என்று உடம்பு காத்திருக்காது. ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக இறங்கிவிடும். எனக்கு இது நாற்பதைத் தாண்டிய கொஞ்ச காலத்திலேயே நடந்தது. பெரிய ஃபைப்ராய்டு கட்டிகள், கூடவே இரண்டு சினைப்பையிலும் பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட், வேறு வழியில்லை. உடம்பு திடீரென்று கொதிக்கும், ராத்திரி வியர்த்துக் கொட்டும், தூக்கம் போகும், எலும்பு தேயும் என்றெல்லாம் சொந்தபந்தத்தில் எல்லோரும் சொன்னார்கள். பெண்ணுறுப்பின் உட்சுவர் மெலிந்து வறண்டுபோகும், கணவரோடு சேரும்போது எரிச்சலும் வலியும் தாங்க முடியாமல் போகும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அத்தைக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். வாய்விட்டுச் சொல்லாமலேயே சமாளித்த தலைமுறை அது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். அவர் மூன்று விஷயம் சொன்னார். உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம், வழுக்கலுக்காகப் போடும், தண்ணீர் கலந்து செய்த லூப்ரிகன்ட், அப்புறம் அதிர்வு தரும் ஒரு சின்ன வைப்ரேட்டர். மூன்றாவதைச் சொல்லும்போதும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "அந்த இடத்துல ரத்த ஓட்டம் கூடணும்மா. இது ஒரு பிசியோதெரபி மாதிரிதான். ஆனா தையல் முழுசா ஆறி, நான் பார்த்துச் சொன்னதுக்கு அப்புறம் ஆரம்பிங்க. அதுவரைக்கும் உள்ளே எதுவும் போகக் கூடாது" என்றார். பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் வரை, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். கர்ப்பப்பை வாயையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு உட்புறத்தின் மேல்முனையைத் தைத்து மூடியிருப்பார்கள். அவசரப்பட்டால் அந்தத் தையல் பிரியும், பிரிந்தால் குடலே கீழே இறங்கும் அளவுக்கு ஆபத்து. அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் இந்த ஒரு விஷயத்தில் டாக்டர் சொல்லை மீறவே கூடாது.

எதை வாங்குவது என்பதை அவர் எங்களிடம் விட்டுவிட்டார். என் கணவர் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவர். சீல், ஓ-ரிங், கேஸ்கெட் என்று ரப்பர் சாமான் வாங்கியே அனுபவப்பட்டவர். நான் போனில் காட்டிய முதல் நாலைந்து பொருளையும் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இது என்ன மெட்டீரியல்?" விளக்கத்தில் கலர் இருந்தது, எத்தனை வேகம் என்று இருந்தது, ரகசியமான பேக்கிங் என்று இருந்தது, மெட்டீரியல் மட்டும் இல்லை. "எதுல செஞ்சதுன்னு சொல்லாத பொருளை நான் மோட்டாருக்கே வாங்க மாட்டேன், உனக்கு வாங்குவனா" என்றார். நாங்கள் அதற்குப் பிறகு படித்ததும் விசாரித்ததும் எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவைதான்.

மெட்டீரியல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பெண்ணுறுப்பின் உட்சுவரும் மலக்குடலின் உட்சுவரும் கைத்தோல் மாதிரி தடித்த தோல் கிடையாது. மெல்லிய, ஈரமான சவ்வு. தொட்டதை உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சவ்வின் மேல் சூடும் ஈரமும் உரசலுமாக ஒரு பொருள் கொஞ்ச நேரம் இருக்கப் போகிறது. அதில் நுண்துளைகள் இருந்தால் உடல் திரவமும் கிருமியும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், என்ன தேய்த்துக் கழுவினாலும் முழுசாக வராது. மென்மையாக்குவதற்குச் சேர்த்த ரசாயனம் இருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும்.

இரண்டாவதாகச் சொன்னது பிவிசி, ஜெல்லி ரப்பர் வகைகளில் பெரிய பிரச்சனை. பிவிசி இயல்பில் கெட்டியான பிளாஸ்டிக். அதை வளைய வைக்கத் தாலேட் என்ற ரசாயனங்களைக் கலப்பார்கள். அவற்றில் சில ஹார்மோன் சுரப்பையும் இனப்பெருக்கத்தையும் பாதிப்பவை என்பதால்தான் ஐரோப்பாவில் குழந்தைகளின் பொம்மையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். 2006இல் நெதர்லாந்தில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 8 செக்ஸ் டாய்களை வாங்கிச் சோதித்தபோது 7இல் தாலேட் இருந்தது, அதுவும் பொருளின் எடையில் கால்வாசியிலிருந்து பாதி வரைக்கும். குழந்தை கடிக்கும் பொம்மைக்கு அத்தனை கட்டுப்பாடு, பெண்ணின் உடம்புக்குள் போகும் பொருளுக்கு அப்போது ஒன்றுமில்லை. படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

இந்தக் கேடு எங்கள் வீட்டுக்கே வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் ஒரு நாள் போன் பண்ணி, "அக்கா, உங்ககிட்டதான் கேட்க முடியும்" என்று ஆரம்பித்தாள். ஆன்லைனில் 'சிலிக்கோன்' என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கியிருக்கிறாள். பெட்டியைத் திறந்ததுமே புது ஷவர் கர்ட்டன் வாடை அடித்ததாம். மேலே பிசுபிசுப்பு. பயன்படுத்திய பிறகு அரிப்பும் எரிச்சலும். தோல் டாக்டரிடமும் மகப்பேறு டாக்டரிடமும் போய், கிருமித் தொற்று எதுவும் இல்லை, அந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் வந்த அழற்சிதான் என்று தெரிந்து, அதை நிறுத்தியதும் சரியானது. விற்றவர்களிடம் கேட்டால், சுகாதாரக் காரணத்தால் இந்த வகைப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். வெளியே சொல்லிச் சண்டை போட மாட்டாள் என்று விற்பவருக்குத் தெரியும். நம்முடைய கூச்சத்தை நம்பித்தான் இந்தத் தொழிலில் பாதிப் பேர் கடை நடத்துகிறார்கள் என்பது என் கருத்து.

அட்டைப்பெட்டியில் 'ஃபார் நாவல்டி யூஸ் ஒன்லி' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டுப் பொருளாக, வேடிக்கைக்காக மட்டும் என்று அர்த்தம். உடம்பில் படும் பொருள் என்று ஒப்புக்கொண்டால் பொறுப்பு வந்துவிடும், அதைத் தட்டிக்கழிக்கும் வரி அது. இந்தப் பொருட்களுக்கென்று உலக அளவில் ஒரு தரநிலை வந்ததே 2021இல்தான், ஐஎஸ்ஓ 3533 என்று. பொருளில் என்ன இருக்கலாம், விளிம்பு எப்படி இருக்க வேண்டும், ஆசனவாயில் பயன்படுத்துவது உள்ளே போய்விடாமல் இருக்க எப்படி வடிவமைக்க வேண்டும், வாங்குபவருக்கு என்ன தகவல் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதைப் பின்பற்றுவதாகச் சொல்லும் கம்பெனிகள் இன்னும் குறைவு. ஆகவே வாங்குகிறவர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, எது நல்லது. பிளாட்டினம் முறையில் பதப்படுத்திய தூய சிலிக்கோன், போரோசிலிக்கேட் கண்ணாடி, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளிப்புறப் பயன்பாட்டுக்கு ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக். இவற்றில் நுண்துளை இல்லை, கழுவினால் சுத்தமாகும். பிவிசியையும் ஜெல்லியையும் ஒதுக்குங்கள். லேடெக்ஸ் ரப்பரும் நுண்துளை உள்ளதுதான், அலர்ஜி உள்ளவர்களுக்கு அது இன்னொரு தொல்லை. டிபிஇ, டிபிஆர் என்று எழுதியிருக்கும், ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் நடுவில் நிற்கும் வகை. தாலேட் இல்லாமலும் செய்ய முடியும் என்றாலும் நுண்துளை உண்டு. ஆண்கள் ஆணுறுப்பின் மேல் மாட்டிப் பயன்படுத்தும் ஸ்லீவ் பெரும்பாலும் டிபிஇதான், அதை நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது, ஒருவர் பயன்படுத்தியதை இன்னொருவர் தொடவே கூடாது. 'மெடிக்கல் கிரேட்' என்ற வார்த்தையை யார் வேண்டுமானாலும் பெட்டியில் அச்சடித்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். 'சிலிக்கோன் கலந்தது', 'சிலிக்கோன் போன்றது' என்பதெல்லாம் சிலிக்கோன் கிடையாது. பார்த்துக் கண்டுபிடிக்க நாங்கள் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: வாடை இருக்கக் கூடாது, கையில் பிசுபிசுக்கக் கூடாது, எண்ணெய் கசியக் கூடாது. 300, 400 ரூபாய்க்குப் பெரிய அளவில் தூய சிலிக்கோன் என்று ஒருவர் விற்றால் நான் நம்பத் தயாராக இல்லை. தீக்குச்சி வைத்துப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள், சிலிக்கோன் உருகாமல் வெள்ளைச் சாம்பலாகும் என்று. வீட்டில் பிளாஸ்டிக்கைக் கொளுத்தி அந்தப் புகையை மூச்சில் இழுப்பதைவிட, சந்தேகமான பொருளை வாங்காமலே இருக்கலாம்.

கண்ணாடி என்றதும் பயப்படுகிறார்கள். போரோசிலிக்கேட் என்பது ஆய்வகங்களில் பீக்கர் செய்யும் கண்ணாடி, சூட்டையும் குளிரையும் நன்றாகத் தாங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பயன்படுத்தும் முன் ஒரு பஞ்சை மேலே முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்காவது நூல் மாட்டினால் அங்கே கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்திருக்கிறது. அதோடு அதன் கதை முடிந்தது. கீழே விழுந்த கண்ணாடியை நான் பஞ்சு ஓட்டிப் பார்த்த பிறகும் வைத்திருக்க மாட்டேன்.

வடிவம் பற்றிப் பேசும்போது சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசனவாயில் பயன்படுத்தும் எந்தப் பொருளுக்கும் அடிப்பாகம் அகலமாக, விரிந்து இருந்தே ஆக வேண்டும். பெண்ணுறுப்பு மேலே மூடியிருக்கும் பாதை, அங்கே போன பொருள் தொலைந்துபோகாது. மலக்குடல் அப்படி இல்லை. உள்ளே போனதைத் தசை மேலே மேலே இழுத்துவிடும், அதற்கு முடிவில்லாத பாதை. அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார்கள், ஷாம்பூ பாட்டில், டார்ச், காய்கறி என்று எடுத்த கதைகளை. அப்படி ஆகிவிட்டால் வீட்டில் கரண்டி, இடுக்கி வைத்து எடுக்கப் பார்ப்பதும், பேதி மருந்து குடிப்பதும் குடலைக் கிழிக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். டாக்டர்கள் திட்ட மாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை, குடல் ஓட்டையாவதைவிட அது மேல்.

ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கும் பையன்களுக்கும் இதையே கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கேரட், வெள்ளரிக்காய், மார்க்கர் பேனா, டியோடரண்ட் பாட்டில் எதுவும் இதற்கான பொருள் கிடையாது. காயில் பூச்சிமருந்து இருக்கும், உள்ளே உடையும். மூடி கழன்றால் எடுப்பது கஷ்டம். வாங்க வசதியோ தனிமையோ இல்லாத வயதில் கை போதும், அதில் உடம்புக்கு எந்தக் கெடுதலும் வராது. முதுகுக்குப் பிடிக்கும் பெரிய பிளக் வைத்த மசாஜரையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது 230 வோல்ட்டில் ஓடுவது, தண்ணீர் புகாதபடி செய்தது இல்லை. ஈரக் கையோடும் குளியலறையிலும் அதைத் தொடவே தொடாதீர்கள்.

முதல் பொருள் சின்னதாக, வழவழப்பாக, வெளிப்புறத்துக்கானதாக இருந்தால் போதும். நாங்கள் வாங்கியது கைக்கு அடக்கமான சிலிக்கோன் வைப்ரேட்டர், யூஎஸ்பியில் சார்ஜ் ஆவது. வலி இருக்கும் பெண்ணுக்குப் பெரிய அளவு எந்த உதவியும் செய்யாது. குறைந்த வேகத்தில், உள்ளாடைக்கு மேலேயே ஆரம்பிக்கலாம். தொடர்ந்து அதிக வேகத்தில் ஒரே இடத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு மரத்துப்போகும், எடுத்துவிட்டால் உணர்வு திரும்பி வந்துவிடும். நரம்பு நிரந்தரமாகச் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 18 முதல் 60 வயது வரையான பெண்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் வைப்ரேட்டர் பயன்படுத்தியிருந்தார்கள், அவர்களில் பத்துக்கு ஏழு பேர் எந்தப் பக்க விளைவும் வந்ததில்லை என்றார்கள். ஆனால் சர்க்கரை நோய் ரொம்ப நாளாக இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். நரம்பு உணர்ச்சி குறைந்திருந்தால் புண்ணானதே தெரியாமல் போகும்.

என் கணவருக்கும் சர்க்கரை உண்டு. விறைப்பு முன்போல நிற்பதில்லை என்பதை அவர் என்னிடம் சொல்லவே ரொம்ப நாள் ஆனது. என் வறட்சியைப் பற்றி நான் வாய் திறந்த பிறகுதான் அவரும் திறந்தார். டாக்டரைப் பார்த்து, சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் மாத்திரையையும் சரிசெய்து, அதோடு ஆணுறுப்பின் அடியில் போடும் வளையத்தையும் பற்றிக் கேட்டுக்கொண்டோம். வளையம் விஷயத்தில் கணக்கு கறார்: 30 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கக் கூடாது. போட்டபடி தூங்கவே கூடாது. இழுத்தால் விரியும் சிலிக்கோன் வளையம்தான் வேண்டும். இரும்பு, ஸ்டீல் வளையம் வீங்கிய பிறகு கழலாது, ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். நிறம் மாறினாலோ, சில்லிட்டுப்போனாலோ, வலித்தாலோ உடனே கழற்ற வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வளையமோ, விறைப்புக்காகக் காற்றை உறிஞ்சும் பம்போ வாங்கும் முன் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அப்புறம் லூப்ரிகன்ட். நம் வீடுகளில் கை முதலில் போவது தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குத்தான். சிலிக்கோனையோ கண்ணாடியையோ அது கெடுக்காது, ஆனால் லேடெக்ஸ் ஆணுறையை எண்ணெய் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கச் செய்துவிடும், கழுவினாலும் எளிதில் போகாது. ஆணுறையை நம்பியிருப்பவர்கள் எண்ணெய் பக்கமே போகக் கூடாது. சிலிக்கோன் லூப்ரிகன்ட்டை சிலிக்கோன் பொருளின் மேல் போட்டால் மேற்பரப்பு ஊறிப் பிசுபிசுத்துக் கெட்டுவிடலாம். எல்லாவற்றோடும் ஒத்துப்போவது தண்ணீர் கலந்தது மட்டுமே. அதிலும் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் அதிகமாக இருந்தால் அது உள்சவ்விலிருந்து தண்ணீரை உறிஞ்சி செல்களைச் சுருக்கிவிடும், முதலில் வழுக்கினாலும் பிறகு இன்னும் வறண்டுபோகும். உலக சுகாதார நிறுவனம் 2012இல் கொடுத்த அறிவுரைக் குறிப்பில், இந்த உறிஞ்சும் தன்மையை அளக்கும் ஆஸ்மோலாலிட்டி முடிந்தவரை 380க்குள் இருக்க வேண்டும், எப்படியும் 1200ஐத் தாண்டக் கூடாது என்றும், பெண்ணுறுப்புக்கான லூப்ரிகன்ட்டின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 4.5 அளவில் இருப்பது நல்லது என்றும் சொல்லியிருக்கிறது. என் அனுபவத்தில் எரிச்சல் குறைந்ததற்குப் பாதிக் காரணம் வாசனையும் கிளிசரினும் இல்லாத லூப்ரிகன்ட்டுக்கு மாறியதுதான். சூடாக்கும், குளிர வைக்கும், ஸ்ட்ராபெர்ரி மணக்கும் வகைகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மரத்துப்போக வைக்கும் ஜெல் அதைவிட மோசம், வலி என்பது நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை, அதையே அணைத்துவிடுகிறது.

கழுவுவது பயன்படுத்திய பிறகு மட்டும் போதாது, முன்பும் வேண்டும். புதுசாக வந்ததையும் கழுவாமல் தொடாதீர்கள். வாசனையில்லாத மென்மையான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், விரலால் நன்றாகத் தேய்த்து, இணைப்பு ஓரங்களிலும் பட்டன் இடுக்கிலும் ஒரு மெல்லிய பிரஷ் ஓட்டி, சோப்பு துளியும் மிஞ்சாமல் அலசினால் போதும். கிருமிநாசினித் திரவங்களை ஊற்றினால் அதன் மிச்சம் உட்சவ்வில் பட்டுப் புண்ணாகும். மோட்டார் இல்லாத சிலிக்கோன், ஸ்டீல், போரோசிலிக்கேட் கண்ணாடி ஆகியவற்றை இதற்கென்றே ஒதுக்கிய பாத்திரத்தில் 5 நிமிடம் கொதிக்க வைக்கலாம், அடியில் ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் போட்டால் பாத்திரத்தில் மோதாது. கண்ணாடியைப் பச்சைத் தண்ணீரில் வைத்தே சூடேற்றி, அதிலேயே ஆற விடுங்கள். மோட்டாரும் பேட்டரியும் உள்ளதைக் கொதிக்க வைக்கவே கூடாது. ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்துத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள், அந்தக் குறி இல்லாவிட்டால் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் மேலே வெள்ளையாகப் படிந்துவிடுகிறது.

நுண்துளை விஷயம் வெறும் பயமுறுத்தல் கிடையாது. 2014இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், எச்பிவி தொற்று உள்ள பெண்கள் பயன்படுத்திக் கழுவிய வைப்ரேட்டர்களைச் சோதித்து ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார்கள். டிபிஇ வகையில் சிலவற்றில் ஒரு நாள் கழித்தும் வைரஸின் தடயம் இருந்தது. சிலிக்கோனில் ஒரு நாள் கழித்து எதிலும் இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் அது. ஆகவே இரண்டு பேர் ஒரே பொருளைப் பயன்படுத்தினால் மேலே ஆணுறை மாட்டி, ஆள் மாறும்போது ஆணுறையையும் மாற்ற வேண்டும். ஒரே ஆள் என்றாலும் ஆசனவாயில் பட்டதைக் கழுவாமல், ஆணுறை மாற்றாமல் முன்பக்கம் கொண்டுபோகக் கூடாது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது என்று மாத்திரைமேல் மாத்திரை சாப்பிடும் பெண்களில் சிலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது, டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

கழுவியதை ஈரத்தோடு மூடி வைத்தால் கழுவியதற்கே பலனில்லை. சுத்தமான பருத்தித் துணியில் துடைத்து, காற்றில் நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்திப் பையில் போடுங்கள். டிபிஇயும் சிலிக்கோனும் ஒட்டிக் கிடந்தால் ஒன்றையொன்று கெடுக்கலாம். பிசுபிசுப்பு போகட்டும் என்று முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவாதீர்கள். டால்க் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் வகைப்படுத்தியது. பீரோவில் அந்துருண்டை போட்டிருக்கும் தட்டில் வைக்காதீர்கள், சிலிக்கோன் வாடையை இழுத்துவைத்துக்கொள்ளும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டுப் போட்ட பெட்டி வேண்டும். ஒளித்து வைக்கிறேன் என்று வெயில் விழும் பரணில் வைத்தால் பேட்டரி கெடும். சாதா யூஎஸ்பி அடாப்டரிலேயே சார்ஜ் போடுங்கள், போனோடு வந்த அதிவேகச் சார்ஜர் வேண்டாம், சார்ஜ் முனை ஈரமாக இருக்கும்போது எதுவுமே வேண்டாம். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்கள் இருந்தால் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் சார்ஜரை அவர்கள் நெஞ்சுக்கு அருகே போகாத இடத்தில் வைக்க வேண்டும்.

சட்டம் பற்றி நிறையப் பேர் பயந்தபடியே கேட்கிறார்கள். செக்ஸ் டாய் என்று பெயர் சொல்லித் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆபாசப் பொருளை விற்பது பற்றிய பிரிவு பழைய தண்டனைச் சட்டத்தில் 292, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 1964ஆம் வருட அறிவிப்பு ஒன்றைக் காட்டி ஆபாசப் பொருள் என்று கஸ்டம்ஸில் பிடித்து வைக்கலாம். அப்படிப் பிடித்த பாடி மசாஜர்கள் பற்றிய வழக்கில் 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம், அது செக்ஸ் டாயாகப் பயன்படலாம் என்பது அதிகாரியின் கற்பனை, மசாஜர் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல என்று தள்ளிவிட்டது. மசாஜரைப் பற்றிய தீர்ப்பு அது, எல்லாவற்றுக்கும் கதவு திறந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்நாட்டில் இருப்பு வைத்து, மெட்டீரியலை எழுத்தில் தந்து, பில் கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்குவதுதான் நிம்மதி. சவுதிக்கோ அமீரகத்துக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகவே கூடாது. அங்கே இது தடை.

டாக்டரிடம் உடனே போக வேண்டியவை: ரத்தம், கெட்ட வாடையோடு வெள்ளைப்படுதல், நிற்காத எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும், பொருள் உரசியதால்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. எதைப் பயன்படுத்தினீர்கள், எப்போது என்று டாக்டரிடம் பெயர் சொல்லியே சொல்லுங்கள். சித்தி மகள் அந்த டாய் விஷயத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்குப் பூஞ்சை மாத்திரைதான் கிடைத்திருக்கும்.

மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ, விரிசல், நிறமாற்றம், போகாத வாடை வந்தாலோ, சார்ஜ் போடும்போது சூடானாலோ, உப்பினாலோ தூக்கிப்போட வேண்டியதுதான், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் சரி. லித்தியம் பேட்டரி உள்ளதை வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். எங்களுடைய பழையதை நன்றாகக் கழுவி, சார்ஜ் தீரும்வரை ஓடவிட்டு, பழைய போன், சார்ஜர் ஒயர்களோடு ஒரு பழுப்புக் கவரில் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்தோம். கவரை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை, எடை போட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள்.